"இன்னைக்கு கோர்ஸ் லீவு சார்"

லாஸ்பேட்டையிலிருந்து:

கோலாலம்பூரில் வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இந்த கோல்ஃப். புதுச்சேரி திரும்பிய பிறகு மொட்டை மாடியில் வலை கட்டி, துணி காயாத நேரத்தில் அடிப்பதோடு சரி. சென்னையில் இருக்கும் கோர்ஸ்கள், அதாவது கோல்ஃப் மைதானங்கள், கிளப்களுடையவை, உறுப்பினர் யாரையாவது பிடிக்க வேண்டும். அதனால் கல்யாண நாளைச் சாக்காக வைத்து, டிசம்பரில் பெங்களூரு பக்கம் ஒரு ரிசார்ட்டில் பேக்கேஜ் போட்டேன். இரண்டு இரவு, காலை உணவு, ஒரு ராத்திரி சாப்பாடு, எனக்கு இரண்டு ரவுண்டு, வீட்டம்மாவுக்கு ஸ்பா. 56,000 ரூபாய். தனித்தனியாக எடுப்பதைவிட 20 சதவீதம் மிச்சம் என்று போட்டிருந்தார்கள். வெள்ளி, சனியைவிட ஞாயிறு, திங்கள் இரவுகள் மலிவு என்றதும் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டேன்.

திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலை நாலரைக்குக் கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு 1.40-க்கு டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம். ஒரு ரவுண்டு என்றால் 18 ஹோல், அதாவது 18 குழி. ஆடி முடிக்க நாலரை மணி நேரமாவது ஆகும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது போய்விடும். பதினாறாவது ஹோலில் பந்து எங்கே விழுந்தது என்று, மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வரும் கேடி காதால் கேட்டுத்தான் சொன்னார். கடைசி இரண்டு ஹோலை விட்டுவிட்டு வந்தோம். போகட்டும், நாளைக்கு முழு நாள் இருக்கிறதே என்று படுத்தேன்.

திங்கள் காலை ஆறு மணி. ஷூ மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு போனால், ஆட்டக்காரர்களை வரிசையாக அனுப்பும் ஸ்டார்டர் மேசையில் ஆளே இல்லை. முதல் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், ஒரு சின்ன வண்டி மணலை விசிறிக்கொண்டே போகிறது, பின்னால் இரண்டு பேர் அதை நீளத் துடைப்பத்தால் புல்லுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அதே கேடி, ஓசூர்க்காரர், என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இன்னைக்கு கோர்ஸ் லீவு சார். திங்கக்கெழமை எப்பவும் மெயின்டனன்ஸ்தானே?"

ஏன் மலிவு என்பது அப்போதுதான் புரிந்தது.

வரவேற்பில் சண்டை போடலாம் என்று போனேன். கன்ஃபர்மேஷன் மெயிலைத் திருப்பிக் காட்டினார்கள். அடியில், பொடி எழுத்தில், "டீ டைம் கிடைப்பதைப் பொறுத்து". வாயை மூடிக்கொண்டு வந்தேன். இரண்டாவது ரவுண்டு செவ்வாய் காலை 6.30-க்கு. அறையைக் காலி செய்ய வேண்டியது 11 மணி. நான் ஆடி முடித்து வரும்போது வீட்டம்மா பெட்டிகளோடு லாபியில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

பில்லில் வரி தனி. அறை வாடகை 7,500-ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தத்துக்கும் அதே விகிதம் போட்டு 10,080 ஏறியது. கேடி காசும், மைதானத்துக்குள் ஓட்டும் கார்ட் வண்டி வாடகையும் அதிலும் சேராது. காரில் ஏறியதும் அவர்கள் விலை அட்டையையே வைத்துக் கூட்டினேன். அறை 16,000 வீதம் 32,000. ரவுண்டு 6,000 வீதம் 12,000. ராத்திரி சாப்பாடு 5,000, ஸ்பா 7,000. கூட்டினால் 56,000, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த 20 சதவீதத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஸ்பாவுக்கு வீட்டம்மா போகவே இல்லை என்பது வேறு கதை.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

சார், திங்கள் லீவு ஏமாற்று வேலை இல்லை. புல்லுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸிலேயே ஞாயிறு சாதாரணமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே நடப்பார்கள். கேட்காமல் போனது நம் தப்பு, சொல்லாமல் விற்றது அவர்கள் தப்பு.

பேக்கேஜ் எங்களுக்கு லாபமாகத்தான் இருந்தது. கடலூர்க்காரர்கள் நாலு பேர், தாய்லாந்தில் ஹுவா ஹின். சென்னையிலிருந்து பாங்காக் நேர் விமானம், அங்கிருந்து வேனில் மூன்று மணி நேரம். நாலு பேரும் ஆடுகிறவர்கள், ஓர் அறைக்கு இருவர், நாலு இரவில் மூன்று ரவுண்டு. வாங்கியதில் ஒன்றும் வீணாகவில்லை. சார் கணக்கில் இடித்ததே அதுதான்: ஆடுகிறவர் ஒருவர், பணம் கட்டுவது இருவருக்கு.

அங்கே ராயல் ஹுவா ஹின் கோர்ஸில் ஒரு ரவுண்டு போட்டோம். 1924-ல் திறந்தது, ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கேடி கட்டாயம், பெரும்பாலும் பெண்கள். எனக்கு வந்த அம்மாவுக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பந்தைக் குழிக்கு உருட்டும் "பட்" அடிக்கும் முன் கிரீனில் குந்தி உட்கார்ந்து, நாலு விரலைக் காட்டுவார், அப்புறம் இடதுபக்கம் கையைச் சாய்ப்பார். நான் என் இஷ்டத்துக்கு நேராக அடிப்பேன். பந்து வலப்பக்கம் ஓடும். பதினோராவது ஹோலிலிருந்து சொன்னதைக் கேட்டேன், ஆட்டத்தில் எட்டு ஸ்ட்ரோக் மிச்சமாயிற்று. டிப் அவர் கையில் தனியாகக் கொடுக்க வேண்டும், பேக்கேஜில் வராது. நான் 400 பாட் கொடுத்தேன்.

நெல்லித்தோப்பிலிருந்து:

ஆடாதவள் தரப்பையும் யாராவது எழுத வேண்டாமா? லாஸ்பேட்டை அண்ணன் லாபியில் உட்கார வைத்த அண்ணிக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் போட்டது மூன்று இரவு, சாப்பாட்டுக்கு தினம் 4,000 ரூபாய் கிரெடிட். கேட்க நன்றாக இருந்தது. நாங்கள் சைவம். நல்ல ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டும் 2,300-ஐத் தாண்டவில்லை. மிச்சத்தை நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாமா என்றால், அந்தந்த நாளோடு போய்விடுமாம். பார்சல் கட்டித் தரச் சொன்னேன், அதுவும் முடியாதாம். மதிய பஃபே மூன்று மணிக்கு மூடுவார்கள், இவர் ரவுண்டு முடித்துக் குளித்து வர 2.50. எடுத்து வைத்த தட்டோடு நான் சர்வரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை நானே போன் போட்டேன். "கூட வருபவர் ஆடமாட்டார், அதற்கு விலை என்ன?" என்று கேட்டதும் தனியாக ஒரு விலை சொன்னார்கள். இணையத்தில் அது இல்லவே இல்லை. ஸ்பாவை எடுத்துவிட்டு, அறையைப் பகல் இரண்டு மணிவரை வைத்துக்கொள்ளக் கேட்டேன். சரி என்றார்கள். எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

புதுசா கத்துக்கிறவன் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. மட்டை செட் வாடகைக்குக் கிடைக்குமா? ஜீன்ஸ் போட்டுப் போனா விடுவாங்களா?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

கிடைக்கும் தம்பி. இடதுகைக்காரர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடு, பல இடத்தில் ஒரே ஒரு செட்தான் இருக்கும். ஜீன்ஸ் வேண்டாம், காலர் வைத்த பனியனும் பருத்திக் கால்சட்டையும் போதும். ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்கும் கோர்ஸும் உண்டு, அதையும் விசாரித்துக்கொள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

பேக்கேஜே வேண்டாம் என்றால் ஊட்டி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து கோர்ஸ், 18 ஹோல், 7,000 அடிக்கு மேல் உயரத்தில். ஓட்டலைத் தனியாகப் பிடித்து, விருந்தினர் கட்டணம் கட்டி ஆடினோம். அந்த உயரத்தில் பந்து கூடுதல் தூரம் போகும், வழக்கமாக ஏழாம் நம்பர் மட்டை எடுக்கும் இடத்தில் எட்டாம் நம்பர் எடுத்தால் போதும். வழி தவறினால் முள்புதர்தான், நான் ஆறு பந்தை அதற்குக் காணிக்கை போட்டேன். காருக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மட்டும் போகாதீர்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:

நெல்லித்தோப்பு அம்மா சொன்னதை வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பார்த்தீங்களா" என்ற ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டார்.

நேற்று வேறொரு இடத்துக்குப் போன் போட்டேன். விலை கேட்கும் முன்னாலேயே, "திங்கட்கிழமை கோர்ஸ் திறந்திருக்குமா?" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "தாராளமா வாங்க சார், எங்களுக்கு செவ்வாய்தான் லீவு" என்றார். புதன், வியாழன் இரண்டு இரவு போட்டிருக்கிறேன். காலை 7.10-க்கும் 7.20-க்கும் டீ டைம், இரண்டும் மெயிலில் வந்துவிட்டது. கூட வருவது என் மைத்துனர். வீட்டம்மா அந்த இரண்டு நாளும் தங்கையோடு வேளாங்கண்ணி போகிறாராம்.