ஏழு கல் தோட்டுக்கு விவிஎஸ்1 தேவையா, விஎஸ்1 போதுமா?

வணக்கம். ஏழு கல் வைரத் தோடு ஒரு ஜோடி செய்யக் கொடுக்கப் போகிறோம். மொத்தம் 14 கல், ஒவ்வொன்றும் 10 சென்ட் (0.10 காரட்), நிறம் எஃப் (நிறமற்ற வகை). கடையில் விவிஎஸ்1தான் எடுக்கச் சொல்கிறார்கள். (விவிஎஸ்1, விஎஸ்1 இரண்டும் வைரத்தின் சுத்தத்துக்கான தரங்கள்; விவிஎஸ்1 உயர்ந்தது.) கல் பார்க்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

சுத்தத்தின் தரத்தைப் பிரிப்பது 10 மடங்கு பெருக்கத்தில். விவிஎஸ் கல்லின் புள்ளி (கல்லில் உள்ள சிறு குறை) அதிலேயே சிரமப்பட்டுத்தான் தெரியும். விஎஸ்1 கல்லிலும் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. 10 சென்ட் கல்லின் குறுக்களவே சுமார் 3 மி.மீ.தான். ஜொலிப்பைப் பெரிதும் தீர்மானிப்பது வெட்டு. அதனால் விஎஸ்1 எடுத்து, மிச்சமாகும் பணத்தை நல்ல வெட்டில் போடலாம் என்று நினைக்கிறோம். இது சரிதானா?

பயம் ஒன்றுதான். புள்ளி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். விளிம்பை ஒட்டி விரிசல் இருந்தால், பதிக்கும்போது அழுத்தத்தில் கல் சில்லு விடக்கூடும். பதித்த பிறகு தங்கம் அதை மறைத்துவிடும். ஆகவே உதிரிக் கல்லாக இருக்கும்போதே 14 கல்லையும் லூப்பில் (கல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கப் போகிறோம். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

புற ஊதா விளக்கில் சில கல் மட்டும் அழுத்தமான நீலமாக ஒளிர்ந்தால் மாற்றச் சொல்லலாமா? ஒவ்வொரு கல்லுக்கும் தனிச் சான்றிதழ் வாங்குவது செலவுக்குத் தகுமா, முடிந்த நகைக்கு ஒரே சான்றிதழ் போதுமா?

கட்டு (கல்லைத் தங்கத்தில் பதிக்கும் அமைப்பு) பற்றியும் சொல்லுங்கள். பின்பக்கம் மூடிய கட்டில் எண்ணெயும் சோப்பும் உள்ளே இறங்கினால் எவ்வளவு சுத்தமான கல்லும் மங்கும், கழுவுவதும் கடினம். திறந்த கட்டே மேல் என்பது எங்கள் எண்ணம்.