பாண்டவர் குழியா, மாண்டவர் குழியா?

கரட்டுக்காரன்:
எங்கள் ஊருக்கு மேற்கே கரட்டில், நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லை மூடிய குழிகள் ஏழெட்டு இருக்கின்றன. எல்லாரும் பாண்டவர் குழி என்போம். வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடம், கல்லைத் தூக்கி வைத்தது பீமன் என்று ஆத்தா சொல்லும். போன வாரம் வந்த ஒரு வாத்தியார், "அது மாண்டவர் குழி, மருவிவிட்டது" என்றார். பலகையும் அப்படியே எழுதப் போகிறார்கள். சரிதானா?

செங்கோடன்:
சரிதான். அது இரும்புக்காலக் கல்திட்டை. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் இதுபோன்ற ஈமச்சின்னங்களைத் தோண்டியபோது பானையும் இரும்பும் சூதுபவள மணியும் கிடைத்தன. செத்தவர்களோடு வைத்தவை. புறநானூற்றின் 3ஆம் பாட்டிலேயே, அம்பு பட்டு விழுந்தவர்களை மூடிய 'பதுக்கை', அதாவது கற்குவியல், வருகிறது. மாண்டவரைப் புதைத்த இடம் மாண்டவர் குழி. பாரதக் கூத்து பார்த்த ஊர் அதைப் பாண்டவர் ஆக்கிவிட்டது.

நெடுங்கல்:
ஈமச்சின்னம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. மருவியது என்பதில்தான் சண்டை. மலபாரில் இப்படிப்பட்ட குழிகளைத் தோண்டிய பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1823இல் வெளியான கட்டுரையிலேயே 'பாண்டு குழி' என்கிறார். ஆந்திரப் பக்கம் 'பாண்டவ குள்ளு' (பாண்டவர் கோயில்கள்), சில இடங்களில் 'ராக்காசி குள்ளு' (அரக்கி கோயில்கள்). தெலுங்கில் மாண்டவர் என்ற சொல்லே கிடையாதே, அங்கே எது மருவியது? மனிதரால் தூக்க முடியாத கல் என்றால் பீமன் அல்லது அரக்கன். ஜனங்களின் கணக்கு அவ்வளவுதான். நீங்கள் காட்டிய பாட்டிலும் பதுக்கைதான் இருக்கிறது, மாண்டவர் குழி இல்லை. பழைய ஏட்டிலோ கல்வெட்டிலோ ஒரே ஒரு இடம் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

செங்கோடன்:
அப்படியானால் பீமன் தூக்கிய கல் என்றே பலகை வைத்துவிடலாமா? பாண்டவர் புதைத்த தங்கம் இருக்கிறதென்று ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்களுக்கு அந்தக் கதைதான் வழிகாட்டி.

மலைத்தோட்டம்:
நடுவில் ஒரு வார்த்தை. கொடைக்கானல் பக்கம் இதையே குள்ளர் குகை என்பார்கள். பலகைக்கல்லில் ஒரு வட்டத்துளை இருக்கும், சிறுபிள்ளைதான் நுழையலாம். வீடு என்று நினைத்தவர்களுக்கு அதில் குடியிருந்தவர்கள் குள்ளர்களாகத்தானே தெரிவார்கள்? பயத்தில் எங்கள் தாத்தா காலத்தில் யாரும் அந்தக் கல்லை எடுத்து வரப்பு கட்டவில்லை. கதை கெடுத்ததும் உண்டு, காத்ததும் உண்டு.

நெடுங்கல்:
கடப்பாரை விஷயத்தில் செங்கோடன் சொல்வது நியாயம். ஆனால் ஒரு கதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆதாரமில்லாத இன்னொன்றை வைக்காதீர்கள். கல்லே பெயர் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம். 2006இல் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில் 'கூடல் ஊர் ஆகோள்' என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறது. ஆநிரை கவர்ந்த சண்டையும் ஊர்ப்பெயரும் ஒரே வரியில்! உங்கள் கரட்டுக் கல்லில் எழுத்தே இல்லை. நாமாக அதன் வாயில் ஒரு சொல்லைத் திணிக்க வேண்டாம்.

செங்கோடன்:
சரி, மாண்டவரை விட்டுவிடுகிறேன். 'கல்திட்டை, இரும்புக்கால ஈமச்சின்னம்' என்று பெரிதாக எழுதுங்கள். அடியில் 'ஊர் வழக்கு: பாண்டவர் குழி'. பீமன் மட்டும் வேண்டாம்.

கரட்டுக்காரன்:
பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார், அதனால் பீமனுக்கு எப்படியும் இடமில்லை. ஆத்தாவிடம் யார் சொல்வது?