காஸ்ட் அயன் புல்லட்: ஹெட் வேலைக்கு அப்புறம் டேப்பட் கிளியரன்ஸ் நிற்காத அனுபவங்கள்

ராடு உருட்டி:
ராயல் என்ஃபீல்டு புல்லட், 346 சிசி, காஸ்ட் அயன் (பேரல் வார்ப்பிரும்பில் உள்ள பழைய எஞ்சின்), வலது பக்க கியர். வால்வும், அதன் தண்டு ஏறி இறங்குற கைடும் புதுசு, வால்வு உட்காருற சீட்டை வெட்டியாச்சு. ராத்திரி முழுக்க ஆறின எஞ்சின், பிஸ்டன் கம்ப்ரஷன் டாப்பில் (ரெண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில்), வால்வைத் தள்ளுற ரெண்டு புஷ்ராடும் ஜீரோ, அதாவது டேப்பட்டில் இடைவெளியே இல்லை. விரலில் உருண்டது, மேலே கீழே ஆட்டினா ஆடலை. மூணாவது கிக்கில் ஸ்டார்ட். பத்து நிமிஷம் ஓடி, சைலன்சரில் டப் டப்புன்னு வெடிச்சு நின்னுச்சு. கிக்கர் கால் வச்சதும் சும்மா இறங்குது, கம்ப்ரஷனே இல்லை. காலையில் ஆறினதும் முதல் கிக்கில் ஸ்டார்ட்.

தப்பு உருட்டினதில். பக்கத்து மூடியைக் கழட்டினா உள்ளே ரெண்டு விரல்தான் நுழையும், அதனால் கால் சுற்று உருட்டிட்டு விட்டாச்சு. விடாம ஒரு முழுச் சுற்று உருட்டினப்போ எக்ஸாஸ்ட் ராடு ஒரு இடத்தில் கடிச்சது. சோத்தில் கல் கடிக்கிற மாதிரி. அதைத் தாண்டினா மறுபடி வழுவழுன்னு. ராடைக் கண்ணாடி மேலே உருட்டினா நேராத்தான் இருக்கு. ராடும், மேலே வால்வை அமுக்குற ராக்கரும் சேருற முனையில் ஒரு பக்கம் மட்டும் தேய்மானம். ஓடும்போது ராடு நாம விட்ட இடத்திலேயே நிற்காது, தன்னால சுத்தும். கடிக்கிற இடம் வந்தா வால்வு சீட்டை விட்டு மயிரிழை எழுந்து நிற்கும். சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டும் நீளுது, மிச்சமும் போச்சு. ராடும் ராக்கரும் மாத்துற வரைக்கும், இறுக்கமான இடத்தைத் தேடிப் பிடிச்சு அங்கே ஜீரோ வைங்க. மத்த இடத்தில் கொஞ்சம் டிக் டிக் வரும், வரட்டும்.

மண்ணெண்ணெய்த் தட்டு:
இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. ராடு அடியில் இருக்கிற அட்ஜஸ்டரை முழுக்க மேலே ஏத்தியாச்சு, இன்லெட்டில் இன்னும் இடைவெளி. ராடு மாறிப்போச்சா, பேரல் பேக்கிங் தடிமனா, எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில் கழுவின தட்டில் மண்ணெண்ணெயை வடிச்சா, அடிச் சேற்றில் குண்டுமணி மாதிரி ஒண்ணு மின்னுது. வால்வுத் தண்டு உச்சியில் மாட்டுற சின்ன இரும்புத் தொப்பி. ஹெட் கழட்டும்போதே எண்ணெயோட ஒட்டி விழுந்திருக்கு. அது இல்லாம ஓட்டினா ராக்கர் வெறும் தண்டை அடிக்கும், நுனி காளான் மாதிரி விரியும், அப்புறம் கைடு வழியா வெளியே வராது. ரெண்டு தொப்பியையும் எந்த வால்வோடதுன்னு தனித்தனியா கட்டி வைங்க.

இன்லெட் மூடும்போது:
ராடு உருட்டி அண்ணே, கம்ப்ரஷன் டாப்புன்னு சொல்றீங்க, அது நிச்சயமா? கம்ப்ரஷனை வெளியே விடுற டீகம்ப்ரஷர் லிவரைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரைத் தள்ளினா கம்ப்ரஷன் தெரியாமலே தாண்டிப் போகும். அடுத்த டாப் எக்ஸாஸ்ட் முடிஞ்சு இன்லெட் தொடங்குற இடம், ரெண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருக்கும். அங்கே ஜீரோ வச்சா நிஜமான இடத்தில் பெரிய இடைவெளி விழும். சாவியை ஆன் பண்ணி அம்மீட்டரைப் பாருங்க. பிளாட்டினம் (இக்னிஷன் காண்டாக்ட் பாயிண்ட்) மூடியிருந்தா முள் இடது பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். அது கம்ப்ரஷன் டாப்புக்குப் பக்கத்தில்தான்.

அதோட, டாப்பை மட்டும் நம்புறதை நான் ஏத்துக்க மாட்டேன். இன்லெட் மூடிக்கிட்டு வரும்போது எக்ஸாஸ்டை செட் பண்ணணும், எக்ஸாஸ்ட் திறக்கத் தொடங்கும்போது இன்லெட்டை. பெரும்பாலான எஞ்சினுக்கு இது பொய்க்காது.

ராடு உருட்டி:
பிளக்கைக் கழட்டி ஓட்டையில் விரல் வச்சு, காத்து விரலைத் தள்ளுறதைப் பார்த்துத்தான் டாப் பிடிச்சது தம்பி. நீங்க சொல்ற முறை தப்பில்லை. ஆனா சிங்கிள் சிலிண்டரில் கம்ப்ரஷன் டாப்பில் ராடைத் தூக்குற ரெண்டு கேமும் மேடில்லாத வட்டப் பகுதியில்தான் இருக்கும், ரெண்டு முறையிலும் ஒரே அளவுதான் வரணும். வரலைன்னா கேமின் வட்டம் தேய்ஞ்சிருக்கு, இல்லை கேம் ஸ்பிண்டில் ஆடுது. அப்போ எந்த முறையில் வச்சாலும் நிற்காது, டைமிங் கவரைத் திறந்துதான் ஆகணும்.

லேத்துக்காரர்:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். ஒரு பட்டறையிலிருந்து வந்த ஹெட்டில் எக்ஸாஸ்ட் அட்ஜஸ்டர் அடி வரைக்கும் இறங்கியும் ராடு இறுக்கம். கொண்டு வந்தவர் ராடை அறுக்கச் சொன்னார். அறுக்கவே அறுக்காதீங்க.

சீட்டை ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் வால்வு ஹெட்டுக்குள்ளே புதையுது, புதைஞ்ச அளவுக்குத் தண்டு மேலே எழும்புது. ராக்கரின் அந்தப் பக்கம் ஏற, இந்தப் பக்கம் இறங்கி ராடை அழுத்தும். ஹெட் முகத்தையும் மில்லிங் பண்ணிட்டா ஹெட்டே கீழே இறங்குது, அதுவும் ராடைத்தான் அழுத்தும். சீட்டில் 0.8 மிமீ, முகத்தில் 0.5 மிமீன்னு வச்சுக்கோங்க, கிட்டத்தட்ட 1.3 மிமீ போச்சு. அதனால் பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்பிரிங் உட்காரும் இடத்திலிருந்து தண்டு உச்சி வரைக்கும் டெப்த் வெர்னியரில் அளந்து எழுதி வைங்க.

பேரல் அடியில் தடிமனான பேக்கிங் போட்டா கிளியரன்ஸ் வரும், ஆனா கம்ப்ரஷன் குறையும். கால் மில்லி, அரை மில்லி வரைக்கும் சரி. தண்டு நுனியைக் கிரைண்ட் பண்றது ஆபத்து. தொப்பியின் உட்பக்கம் தண்டு நுனியில் உட்காரணும். நுனி குட்டையானா தொப்பியின் விளிம்பு ஸ்பிரிங் வாஷரில் உட்காரும், ராக்கர் அடிக்கிற அடி முழுக்க வாஷருக்குப் போகும், வால்வைப் பிடிச்சிருக்கிற லாக் கழண்டு வால்வு பிஸ்டன் மேலே விழும். ராக்கரை மாட்டுறதுக்கு முன்னாடி தொப்பியை விரலால் சுத்திப் பாருங்க. வாஷரைத் தொடாம சுத்தணும். புதைஞ்ச சீட்டுக்கு நேர்மையான வழி புது சீட் ரிங் அடிக்கிறதுதான். வால்வைச் சீட்டில் பேஸ்ட் போட்டு உரசினதும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊத்தி அஞ்சு நிமிஷம் பாருங்க, வால்வு ஓரத்தில் ஈரம் கசியக் கூடாது. இங்கே கசிஞ்சா டேப்பட்டில் சரி பண்ண முடியாது.

ராக்கர் தாங்கி ரெண்டு பாதியா வரும், ஜோடி மாறக் கூடாது. மாறினா நட்டை இறுக்கினதும் ராக்கர் பிடிக்கும். கீழே ராடு லூசா உருளும், ஜீரோன்னு ஏமாந்துடுவோம். இறுக்கின பிறகு ராக்கர் தன் எடையிலேயே சாயணும்.

பத்து தவ்:
ஒரு காஸ்ட் அயனுக்கு யாரோ ஃபீலர் கேஜில் 10 தவ், 16 தவ் (தவ்னா இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வச்சிருந்தாங்க. தையல் மெஷின் மாதிரி சத்தம். அது பிஎஸ்ஏ ஏ10 பைக்குக்கு உள்ள அளவு, இன்லெட் 0.010 இன்ச், எக்ஸாஸ்ட் 0.016. ட்ரையம்ஃப் போனவில் 650-க்கு 0.002, 0.004. கேமின் சரிவு வண்டிக்கு வண்டி வேற, அளவை மாத்திப் போட முடியாது. புல்லட் 350-க்கு ஆறின எஞ்சினில் ஜீரோ. சூடாகும்போது இரும்பு பேரலும் அலுமினிய ஹெட்டும் ராடை விட அதிகமா சூடேறி வளரும், இடைவெளி தானா பிறக்கும். பின்னாடி வந்த யூசிஇ எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட், இடைவெளியைத் தானா சரி பண்ணிக்கும், இந்தப் பேச்சே இல்லை.

ராடு உருட்டி:
ஒண்ணு விட்டுப்போச்சு. புது ஹெட் பேக்கிங் போட்டா முதல் சூட்டில் அது அமுங்கும். நல்லா சூடாக்கி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, ஹெட் நட்டைக் குறுக்கும் மறுக்குமா இறுக்கின பிறகு ராடைத் தொட்டா ரெண்டும் இறுகியிருக்கும். அப்போதான் மறுபடி ஜீரோ. லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே கொஞ்சம் சுத்தும், அதனால் மேல் நட்டை ஒரு மெல்லிசு ஸ்பேனரால் பிடிச்சுக்கிட்டு இறுக்குங்க. இறுக்கி முடிச்சதும் இன்னொரு தடவை முழுச் சுற்று. அப்புறம் 100 கிமீயில், 500 கிமீயில். இந்த வண்டியில் 100 கிமீயில் எக்ஸாஸ்ட் ராடு மறுபடி கொஞ்சம் இறுகியிருந்தது, 500-ல் அசையலை.