இரண்டு ஆயுள் பாலிசிக்கு இரண்டு தொகை, இரண்டு மெடிக்ளெய்முக்கு ஏன் இல்லை?

கேள்வி: காப்பீட்டு முகவராவதற்கான ஐசி-38 தேர்வுக்குப் படிக்கிறேன். ஆயுள் காப்பீட்டில் இரண்டு பாலிசியும் முழுத்தொகை தருகின்றன. மருத்துவக் காப்பீட்டில் மட்டும் பில்லுக்கு மேல் கிடைக்காதது ஏன்?

பதில் 1: உயிருக்கு விலை போட முடியாது, அதனால் ஒப்புக்கொண்ட தொகை அப்படியே நாமினிக்குப் போகும். மருத்துவச் செலவுக்குப் பில் உண்டு, ஆன செலவை ஈடுசெய்வதோடு நின்றுவிடும். பில் 4 லட்சம், முதல் பாலிசி 3 லட்சம் என்றால் மீதி 1 லட்சத்தை இரண்டாவதில் கேட்கலாம், அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு. தேர்வில் பலர் வழுக்கும் இடம்: தீவிர நோய் பாலிசி, மருத்துவமனை தினப்படி இரண்டும் நிலையான தொகை தருபவை. பில் எவ்வளவு என்று பார்க்காது.

பதில் 2: காப்புறு நலனையும், அதாவது அந்த உயிரோ பொருளோ போனால் பாலிசி எடுப்பவருக்குப் பண இழப்பு வரும் என்ற உறவையும், சேர்த்துப் படியுங்கள். ஆயுளில் பாலிசி எடுக்கும்போது இருந்தால் போதும். தீக் காப்பீட்டில் இழப்பு நேரும்போதும் வேண்டும்.

பதில் 3: முன்மொழிவுப் படிவத்தில் (பாலிசி கேட்டு வாடிக்கையாளர் தரும் விண்ணப்பம்) சர்க்கரை நோயை மறைத்து ‘இல்லை’ என்று நீங்களே டிக் போடாதீர்கள், தயவுசெய்து. ஆயுளில் காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 45-இன்படி 3 ஆண்டுக்குப் பிறகு மோசடி என்றுகூட பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. மருத்துவத்தில் அந்தக் காலம் 60 மாதம், ஆனால் நிரூபித்த மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்குள் கிளெய்ம் வந்தால் தவிப்பது குடும்பம்தான்.