செஷன் கிட்டார் (அடுத்தவங்க ரெக்கார்டிங்குக்குக் கூலிக்கு) வாசிக்கப் போனா சொந்தப் பாட்டு என்னாகும்? (மும்பை)

கோலிவாடா பையன்:
எல்லாருக்கும் வணக்கம். சயன் கோலிவாடாவுல இருக்கேன், பூர்வீகம் திருநெல்வேலி பக்கம். ஐரோலியில ஒரு கம்பெனியில நைட் ஷிஃப்ட். கிட்டார் வாசிப்பேன், தமிழ்ல நானே எழுதி மெட்டுப் போட்டுப் பாடுவேன். ரெண்டு பாட்டு யூடியூப்ல கிடக்கு. ஓஷிவாரா பக்கம் ஒரு ஸ்டுடியோவுல அக்கூஸ்டிக் வாசிக்கக் கூப்பிட்டாங்க, போனேன், மறுபடியும் வரச் சொல்றாங்க. பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள நீட்டி, எல்லா உரிமையும் எங்களுக்குன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமா? வேலைய விட்டுட்டு இதுல இறங்கினா சாப்பாட்டுக்கு வருமா? நாள் பூரா அடுத்தவன் பாட்டுக்கு வாசிச்சா நம்ம பாட்டு செத்துப்போயிடும்னு நண்பன் ஒருத்தன் வேற பயமுறுத்துறான்.

செம்பூர் ஆறுகம்பி:
தம்பி, வேலைய இப்ப விடாத. பில் போட்டு மூணு மாசம் கழிச்சு வர்ற பணம்தான் இதுல ஜாஸ்தி. கம்பெனிக்காரங்க 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் குடுக்கறப்பவே கழிச்சுக்கற வருமான வரி) வேற பிடிப்பாங்க. ரிட்டர்ன் போடு, வரி வரம்புக்குள்ள இருந்தா திரும்பி வந்துடும். இந்தி இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன் காலத்துல ஹால் நிறைய ஆளுங்க உக்காந்து ஒண்ணா வாசிப்பாங்க. இப்ப ஒரு ரூம், ஒரு மைக், காதுல கிளிக் (தாளம் எண்ணிக் குடுக்கற டிக்-டிக் சத்தம்). பல வேலைக்கு அதுவும் இல்ல, வீட்லயே வாசிச்சு ஃபைல அனுப்புன்னுடுவாங்க.

திரும்பக் கூப்பிடறது வேகமா லீட் அடிக்கறவன இல்ல. ஒரு ஸ்ட்ரம்மிங் வாசிச்சு முடிப்ப, அதையே இன்னொரு தடவ அச்சு மாறாம வாசின்னுவாங்க, ஒண்ண இடது ஸ்பீக்கர்லயும் ஒண்ண வலது ஸ்பீக்கர்லயும் வைக்கறதுக்கு. அங்கதான் பாதிப் பேர் மாட்டுவான். தடிக்கம்பியில விரல் நகர்றப்ப கீச்சுன்னு ஒரு சத்தம் வரும் பாரு, வீட்ல காதுலயே விழாது. மைக்குல பாடறவங்க குரலுக்கு மேல கேக்கும். விரல இழுக்காத, தூக்கி வை. புதுக்கம்பிய முதல் நாள் ராத்திரியே மாட்டி நல்லா இழுத்து விட்டுடு.

உன் நண்பன் பயத்துக்கு வர்றேன். இந்திப் பாடகர், கிட்டார் கலைஞர் பூபிந்தர் சிங்க எடுத்துக்கோ. டெல்லி ஆல் இந்தியா ரேடியோவுல வேலை பார்த்துக்கிட்டிருந்தப்ப, அவர் பாடறதக் கேட்டு இசையமைப்பாளர் மதன் மோகன் பம்பாய்க்கு வரவச்சார், 1964-லயே படத்துல பாடிட்டார். அப்புறம் ஆர்.டி. பர்மன்கிட்ட கிட்டாரும் வாசிச்சார், பாடவும் செஞ்சார். பின்னாடி மனைவி மிதாலியோட சேர்ந்து கசல் ஆல்பம். வாசிச்சதால அவர் குரல் ஒண்ணும் போயிடல.

ஆனா நம்ம பாட்டு போற இடம் ஒண்ணு இருக்கு. மியூசிக் டைரக்டர் "ஏதாச்சும் போடுப்பா"ம்பார். கைக்கு முதல்ல வர்றது நீ உன் பாட்டுக்குன்னு பொத்தி வச்சிருந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன கிட்டார் மெட்டு). வாசிச்சுட்டேன்னா அது அவர் பாட்டு. அதனால என் சொந்தப் பாட்டுக்கெல்லாம் டியூனிங்கையே மாத்தி வச்சிருக்கேன், ஆறு கம்பிக்கும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி-ன்னு சுருதி. ஸ்டுடியோவுல எப்பவும் ஸ்டாண்டர்டு, அதாவது வழக்கமான டியூனிங். அதுல விரல் அந்தப் பக்கம் போகவே போகாது.

மாதுங்கா வக்கீல்:
அந்தத் தாள்ல எதுக்கு உரிமை கேக்குறாங்கன்னு பாருங்க. அன்னிக்கு நீங்க வாசிச்ச ரெக்கார்டிங்குக்கு மட்டும்னா அது வழக்கம்தான். இனிமே எழுதப்போற பாட்டெல்லாம் சேர்த்துன்னு ஒரு வரி இருந்தா அத அடிச்சிட்டு, பக்கத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. 2012-ல காப்பிரைட் சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம், பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் தங்களோட ராயல்ட்டி பங்க வாரிசுக்கோ காப்பிரைட் சொசைட்டிக்கோ (ராயல்ட்டிய வசூல் பண்ணி உறுப்பினர்களுக்குக் குடுக்கற அமைப்பு) தவிர யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது. வாத்தியம் வாசிக்கறவங்களுக்கும் சட்டத்துல 50 வருஷ உரிமை இருக்கு. கைக்குக் காசா வருதாங்கறது வேற விஷயம்!

சொந்தப் பாட்டுக்கு ஐபிஆர்எஸ்ல (பாட்டு எழுதறவங்க, மெட்டுப் போடறவங்களுக்காக 1969-லேர்ந்து இருக்கற அந்த மாதிரி சொசைட்டி, ஆபீஸ் மும்பையிலதான்) பாடலாசிரியர், இசையமைப்பாளர் ரெண்டாவும் சேர்ந்து ஒவ்வொரு பாட்டையும் பதிவு பண்ணுங்க. யூடியூப்ல ஏத்தினா அது பதிவு ஆகாது. ரெக்கார்டிங்கோட உரிமை தனிக் கணக்கு. அதுக்கு ஐஎஸ்ஆர்சி நம்பர் (ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் தனித்தனியா குடுக்கற அடையாளக் குறியீடு) வாங்கி எழுதி வச்சுக்கோங்க.

தாராவி ட்ரம்ஸ்:
எனக்கு ஒரு புரொடியூசர் "பேலன்ஸ் நாளைக்கு"ன்னாரு. அந்த நாளை இன்னும் வரல. கடைசி ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடியே காச வாங்கிடு ப்ரோ. அப்புறம், ஜிடிபி நகர் ஸ்டேஷன்ல காலைல கிட்டாரோட ரயில் ஏறாத, வடாலாவுல மாறி அந்தேரி வண்டி பிடிக்கறதுக்குள்ள கழுத்து ஒடிஞ்சுடும். உன் கழுத்து இல்ல, கிட்டாரோடது. மழைக்காலத்துல கேஸ் உள்ள சிலிக்கா ஜெல் போட்டு வை.

கோலிவாடா பையன்:
வக்கீல் சார், அந்த வரி அப்படியே இருக்கு, ஏழாவது பாயிண்ட்! அடிச்சுக் குடுத்தா அடுத்த தடவ கூப்பிடுவாங்களா அண்ணா?

செம்பூர் ஆறுகம்பி:
கூப்பிடுவாங்க. பாதி ஸ்டுடியோவுல அந்தத் தாள அவங்களே படிச்சிருக்க மாட்டாங்க, எங்கேர்ந்தோ இறக்கினது. ஆமா, உன்கிட்ட நைலான் கம்பி கிட்டார் இருக்கா? அடுத்த வாரம் ஒரு வேலை வருது, அன்னிக்கு எனக்கு புனேல ஷோ. உன் யூடியூப் லிங்க இங்கயே போடு, கேட்டுட்டுச் சொல்றேன்.