ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை மூப்பைத் தள்ளிப்போடுமா?

கதிர்:
தினமும் வைட்டமின் இ மாத்திரை போடுவது வீண் வேலை என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதி, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் செலவாகிறது. அங்கே வழிதவறும் சில எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜனோடு ஒட்டிக்கொண்டு சூப்பர்ஆக்சைடாகின்றன. இப்படி ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலைவதுதான் ஃப்ரீ ராடிக்கல். டிஎன்ஏ, புரதம், செல் சவ்வு என எதையும் அது விட்டுவைக்காது. நாம் மூப்படைவதற்கே இந்தச் சேதம்தான் காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956-லேயே எழுதினார். இரும்பு துருப்பிடிப்பது போல உடம்பும் மெல்ல மெல்லத் தேய்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் தன் எலக்ட்ரானைக் கொடுத்து ராடிக்கலை அடக்குகிறது. காரணமும் தெரியும், தடுக்கும் பொருளும் கையில் இருக்கிறது. அப்புறம் ஏன் தயங்க வேண்டும்?

தமிழினி:
இரும்புக்குத் தன்னைப் பழுதுபார்க்கத் தெரியாது, உடம்புக்குத் தெரியும் கதிர். சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் அடையாளம் கண்டார்கள். அது சூப்பர்ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். கேட்டலேஸ் போன்ற நொதிகள் அதைத் தண்ணீராக்கிவிடும். டிஎன்ஏவில் விழும் சேதத்தை வெட்டி எடுத்துச் சரிசெய்யவும் தனி நொதிகள் உண்டு. இவ்வளவும் மாத்திரை இல்லாமலே நடக்கிறது.

கொள்கையை விடுங்கள், சோதித்தபோது என்ன ஆனது என்று பாருங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. கேரட் போன்றவற்றில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்டைத் தினம் 20 மி.கி. எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே போன்ற இன்னோர் ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

கதிர்:
அவர்கள் புகைபிடிப்பவர்கள்! ஏற்கனவே கெட்டுப்போன நுரையீரலில் கிடைத்த முடிவை எல்லோர் தலையிலும் கட்டுவது சரியா? நான் கேட்டது வைட்டமின் இ பற்றி. அதோடு, 2001-இல் வந்த கண் ஆய்வை ஏன் சொல்லவில்லை? வைட்டமின் சி, இ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் எல்லாம் சேர்த்துக் கொடுத்ததில், வயதானவர்களின் விழித்திரை மையச் சிதைவு முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைந்ததே.

தமிழினி:
கண் ஆய்வை நானும் ஏற்கிறேன். ஆனால் பலன் கிடைத்தது, நோய் ஓரளவு முற்றிவிட்டவர்களுக்கு. அது சிகிச்சை. நோயே இல்லாதவர் இளமைக்காக விழுங்குவது வேறு கதை. பின்னால் அதே மருந்தில் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற தாவர நிறமிகளைச் சேர்த்தார்கள். புகைபிடிப்பவர்களைப் பற்றிய கவலையும் அதற்கு ஒரு காரணம்.

வைட்டமின் இ தானே வேண்டும்? 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு அது, தினம் 400 யூனிட். 2011-இல் வெளிவந்த முடிவில், மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட வைட்டமின் இ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். இவர்கள் யாரும் புகைபிடிப்பவர்கள் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை.

வேதியியல் வாத்தியார்:
ஒரு செல் சவ்வுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கொழுப்பமிலச் சங்கிலிகள் அங்கே நெருக்கமாக நிற்கின்றன. ஒரு ராடிக்கல் ஏதாவது ஒரு சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்த சங்கிலி தானே ராடிக்கலாகி, ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்துச் சங்கிலியிடம் பிடுங்குகிறது. அது அடுத்ததிடம். நடுவே வைட்டமின் இ இருந்தால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த ஓட்டத்தை நிறுத்திவிடும். வைட்டமின் சி வந்து அதைப் பழைய நிலைக்குத் திருப்பும். கதிர் சொல்லும் பாதுகாப்பு இதுதான், அது உண்மை.

ஆனால் ராடிக்கலை உடம்பே வேண்டுமென்று தயாரிக்கும் இடங்களும் உண்டு. வெள்ளை அணு ஒன்று கிருமியை விழுங்கியதும், அதை அடைத்த பைக்குள் சூப்பர்ஆக்சைடைக் கொட்டுகிறது. அதற்கான நொதி பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளுக்குக் கடுமையான தொற்று திரும்பத் திரும்ப வரும். உடற்பயிற்சியிலும் இப்படித்தான். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சி செய்த இளைஞர்களுக்கு இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்கும் திறன், கூடியது. பயிற்சியோடு வைட்டமின் சி-யும் இ-யும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. தசையில் எழும் ராடிக்கல்தான் உடம்பின் சொந்தப் பாதுகாப்பைத் தட்டி எழுப்புகிறது என்று தெரிகிறது. மாத்திரை அந்தத் தட்டலை அமுக்கிவிடுகிறது.

கதிர்:
சார், மைட்டோகாண்ட்ரியாவின் டிஸ்மியூட்டேஸ் இல்லாமல் பிறக்கும் எலிகள் சில நாட்களிலேயே செத்துப்போகின்றன. ராடிக்கல் கொல்லும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஹார்மனை முழுதாக ஒதுக்க நான் தயாரில்லை.

தமிழினி:
அதே நொதியை நீக்கிய ஒரு வகை நுண்புழு கூடுதல் நாள் வாழ்கிறது, கதிர். மண்ணுக்கடியில் வாழும், ரோமமில்லாத அம்மண மோல் எலியின் திசுக்களில் ஆக்ஸிஜனேற்றச் சேதம் நிறையவே இருக்கிறது; ஆனாலும் அது 30 ஆண்டுக்கு மேல் வாழ்கிறது. ராடிக்கல் சேதம் செய்யும், மறுக்கவில்லை. மூப்பின் கடிகாரமே அதுதான் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? அதில் நார்ச்சத்தும் இன்னும் எத்தனையோ பொருட்களும் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பெருமையை ஒரே வைட்டமினுக்கு எழுதிக்கொடுக்காதீர்கள்.

ஆனந்தி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. உறவினர் ஒருவர் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?

வேதியியல் வாத்தியார்:
மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் அம்மா. கதிர்வீச்சு புற்றுசெல்லைக் கொல்வதில் பெரும்பங்கு ராடிக்கலுக்குத்தான். அந்த நேரத்தில் அதை அடக்கினால் சிகிச்சையே பலவீனமாகலாம்.

கதிர்:
இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை ஆனந்தி. அடுத்த முறை போகும்போது அந்த டப்பாவையே கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு மில்லிகிராம் என்பது லேபிளில் இருக்கும், அவருக்கு அது தேவைப்படும்.