சிரிக்கச் சிரிக்கப் பேசிய அப்பா, விற்பனைப் பிரதிநிதி: அவர் வாழ்க்கையை எழுத எதில் தொடங்குவது?

மூத்தவள் கேட்டது:

அப்பா போன மாதம் தவறிவிட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை விற்பனைப் பிரதிநிதி. பூட்டு, கீல், தாழ்ப்பாள் என்று ஹார்டுவேர் சாமான் லைன். யாராக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவார்.

இப்போது இரண்டு காரியம் என் பொறுப்பில். நினைவுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு பேரப்பிள்ளைகளுக்காக 32 பக்கத்தில் ஒரு சிறு நூல். கையில் இருப்பவை: ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பங்கள், சில ஆடியோ கேசட்டுகள், அவருடைய ஆர்டர் புத்தகங்கள், சாம்பிள் பை, அவர் போன்.

எழுத உட்கார்ந்தால் "அன்பானவர், கலகலப்பானவர்" என்பதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. அவர் சொன்ன ஜோக்கை எழுதினால் படிப்பவர்களுக்குச் சிரிப்பே வரவில்லை. எதை முதலில் செய்வது, எப்படி எழுதுவது?

---

பெட்டகம் பதில்:

ஆழ்ந்த இரங்கல். எழுத்து கொஞ்சம் காத்திருக்கும், சில பொருள்கள் காத்திருக்காது. அவற்றை முதலில் பாருங்கள்.

முதலாவது போன். சிம்மை இப்போதைக்கு ரத்து செய்யாதீர்கள். வாய்ஸ்மெயில் இருந்தால் அது போனில் இல்லை, தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. எண் போனால் குரலும் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் கிடந்தால் பொதுவாக நீக்கிவிடுவார்கள். அதனால் போனை அவ்வப்போது சார்ஜ் போட்டு, வைஃபையில் இணைத்து, செயலியைத் திறந்து வையுங்கள். பூட்டு எண் தெரியாவிட்டால் ஊகித்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். சில போன்களில் பத்துமுறை தவறினால் எல்லாம் அழியும்படி அமைத்திருப்பார்கள்.

ஆண்ட்ராய்டில் வாய்ஸ் நோட்டுகள் ".ஓபஸ்" கோப்புகளாக ஒரு தனி ஃபோல்டரில் இருக்கும், கோப்பின் பெயரிலேயே தேதி வரும். அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள், பெயரை மாற்ற வேண்டாம். அவர் மற்றவர்களுக்கு அனுப்பியவை அவர்கள் போனிலும் இருக்கும். உறவினர்கள் போன் மாற்றுவதற்கு முன் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ஆல்பம். படத்தைப் பிடுங்காதீர்கள். முதலில் பக்கத்தை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். பிறகு மூலையில் மெல்லிய நைலான் நூலையோ வாசனை சேர்க்காத பல் இடுக்கு நூலையோ நுழைத்து, அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் பசையிலிருந்து படம் கழன்றுவரும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு). பாஸ்போர்ட் அளவுக்கு 1200. 35 மிமீ நெகட்டிவ் இருந்தால் 3000 டிபிஐயில் எடுங்கள். ஏறத்தாழ 12 மெகாபிக்சல் கிடைக்கும், பிரிண்டைவிடத் தெளிவாக இருக்கும். ஸ்கேனரில் அகச்சிவப்புத் தூசி நீக்கி இருந்தால் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அதை அணைத்துவிடுங்கள். படத்தில் இருக்கும் வெள்ளியையே தூசி என்று நினைத்துப் படத்தைக் கெடுக்கும். 1970களின் கலர் பிரிண்டுகள் சிவந்து போயிருப்பதற்குக் காரணம், அதிலுள்ள நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவது. ஸ்கேன் செய்த பிறகு நிறம் நிறமாகச் சரிசெய்யலாம், மூலக் கோப்பைத் தொடாமல்.

படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சில் போதும். எல்லாவற்றுக்கும் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில்.

---

நாடா பதில்:

கேசட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இயக்குவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளைத் தூள் இருந்தால் பூஞ்சை. அதை ஓட்டவே கூடாது, கேசட் ஓட்டும் டெக்குக்கும் பரவும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதை மட்டும் இந்த வேலை செய்பவரிடம் கொடுங்கள்.

நன்றாக இருப்பவற்றில் மேல்விளிம்பின் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டன் அழுத்தினாலும் குரல் அழியாது. நாடா தெரியும் பக்கத்தின் நடுவில், செம்பு நிறத் தகட்டின் மேல் சிறிய கம்பளித் துண்டு இருக்கும். அதன் பசை காய்ந்து விழுந்திருந்தால் நாடா, டெக்கில் ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஒட்டி ஓடாது, ஒலி மந்தமாகக் கேட்கும். ஐந்து திருகு உள்ள கேசட் என்றால் திறந்து, இரண்டு சுருளையும் வேறு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம்.

ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை முன்னோக்கிச் சுற்றிப் பின்னோக்கிச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் கிடந்த நாடாவின் இறுக்கம் சமமாகும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். பேச்சில் "ச", "ஸ" ஒலிகள் மங்கிக் கேட்டால் ஹெட்டின் பக்கத்துத் திருகை மிக மெல்லத் திருப்பிப் பாருங்கள், அந்த ஒலிகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அப்பாவின் குரலுக்கு இது முக்கியம்.

ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிய வேண்டாம். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளிவரும் துளை) கணினிக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் சிறு கருவி) வழியாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். வாய்விட்டுச் சிரிக்கும் இடத்தில்தான் ஒலி உடையும். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் ஸ்டீரியோவில் சுமார் 520 எம்பி. இரைச்சலை நீக்குவதை நகலில் மட்டும், கொஞ்சமாகச் செய்யுங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும்.

ஒன்று மறக்க வேண்டாம்: சினிமாப் பாட்டு என்று எழுதிய கேசட்டையும் இரண்டு பக்கமும் கடைசிவரை கேளுங்கள். பாட்டு முடிந்தபின் மிஞ்சிய நாடாவில் வீட்டுக்காரர்கள் பேசிப் பதிந்திருப்பது சாதாரணம்.

---

கைப்பிரதி பதில்:

"கலகலப்பானவர்" என்ற சொல்லை முழு உரையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் இல்லாமலே கேட்பவருக்கு அது தெரிய வேண்டும்.

உங்களிடம் உள்ளவற்றில் பெரிய பொக்கிஷம் ஆர்டர் புத்தகம்தான். புரட்டாதீர்கள், படியுங்கள். மாத நடுவில் ஒரு வாரத்தையும் மாதக் கடைசியில் ஒரு வாரத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாதக் கடைசியில் கடைகள் கூடியும் ஆர்டர் சிறுத்தும் இருந்தால் அதுதான் டார்கெட்டின், அதாவது மாத விற்பனை இலக்கின், நெருக்கடி. ஒரு நாளில் எந்தக் கடையிலிருந்து எந்தக் கடைக்குப் போனார் என்ற வரிசையை எழுதுங்கள். ஓரத்தில் கிறுக்கியிருப்பதைத் தவறவிடாதீர்கள். "பாக்கி அடுத்த வாரம்", "மகனுக்குப் பரீட்சை" மாதிரிக் குறிப்புகள் இருக்கும். நல்ல ரெப் (விற்பனைப் பிரதிநிதி) அடுத்தமுறை எதை விசாரிக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்வார். அவர் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கான சாட்சி அது. சாம்பிள் பையை அவர் எடுத்துப்போனபடியே நிரப்பி எடை போடுங்கள். "கனமான பை" என்று எழுதுவதற்குப் பதில் அந்த எடையை எழுதுங்கள்.

அடுத்து ஆட்களிடம் கேட்பது. "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: கடைக்குள் நுழைந்ததும் முதலில் என்ன சொல்வார்? ஆர்டர் இல்லை என்றால் என்ன சொல்வார்? பாக்கியை எப்படிக் கேட்பார்? எப்போது சிரிக்கவே மாட்டார்? கடைக்காரர் ஒருவர், கூட வேலை பார்த்தவர் ஒருவர், போட்டிக் கம்பெனி ரெப் ஒருவர். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள். ஒரே கடை வாசலில் காத்திருந்தவர், வித்தையைக் கவனித்திருப்பார். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, கீழே துணி விரித்து, பேசுபவருக்கு ஒரு முழம் தள்ளி வைத்துப் பதியுங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். நல்ல சங்கதி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகு வரும்.

இனி ஜோக். தாளில் அது செத்துப்போவதற்குக் காரணம், முகமும் குரலும் நேரம் பார்த்துச் சொல்லும் பக்குவமும் கூட வராததுதான். அந்த இடத்தை நிலைமையைக் கொண்டு நிரப்ப வேண்டும். மாதிரிக்கு நானே கட்டிய ஒன்று:

"இந்த மாசம் பூட்டு வேணாம், போன மாசத்து சரக்கே அப்படியே கிடக்கு" என்றார் கடைக்காரர். அப்பா பையைத் திறக்கவில்லை. "அப்ப நல்ல பூட்டுதான் முதலாளி, ஒண்ணுகூட கடையைவிட்டு வெளிய போகலையே" என்றார். கடைக்காரர் கீலுக்கு ஆர்டர் எழுதினார்.

நிலைமை ஒரு வரி, அவர் சொன்னது பேச்சு வழக்கிலேயே, எதிராளி என்ன செய்தார் என்பது ஒரு வரி. அதோடு நிறுத்துங்கள். "எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்" என்று சேர்த்த உடனே கேட்பவர் சிரிக்க மாட்டார். அவர் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றினாலும் இதே கதிதான்.

ஐந்து நிமிடத்துக்கு 400 சொற்களுக்கு மேல் வேண்டாம். சிரிப்புக்கும் தொண்டை அடைப்பதற்கும் இடம் வேண்டும். இரண்டு சம்பவம் போதும். முதலாவது, முன்கதை சொல்லத் தேவையில்லாததாக இருக்கட்டும். 18 பாயின்டில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, பக்க எண் போடுங்கள். பின் அடிக்க வேண்டாம். இன்னொரு நகலை முன்வரிசையில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், உங்களால் முடியாமல் போனால் அவர் தொடர்வார்.

---

மூத்தவள்:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். சில ஜோக்குகள் எங்கள் சித்தப்பாவைக் கிண்டல் செய்பவை. சொல்லலாமா? கடைசியில் கம்பெனி அந்த லைனையே மூடியபோது அப்பா கொஞ்ச காலம் யாரிடமும் பேசாமல் இருந்தார். அதை எழுதுவதா, விடுவதா?

---

கைப்பிரதி:

சித்தப்பாவிடம் தனியாக, முன்கூட்டியே கேளுங்கள். அவரே அதைச் சிரித்துச் சொல்லிக்காட்டினால் சொல்லலாம். யோசித்தார் என்றால் விட்டுவிடுங்கள். கூட்டத்தில் அவர் எழுந்து போகவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது.

லைன் மூடியதை உரையில் விடுங்கள், நூலில் எழுதுங்கள், அம்மாவிடம் முதலில் காட்டிவிட்டு. எந்த வருடம், அதற்குப் பிறகு காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், பையை எங்கே வைத்தார், மறுபடி முதலில் யாரிடம் பேசினார். இரண்டு பத்தி, காரணம் கற்பிக்காமல். தினமும் ஆட்களைச் சந்தித்தே வாழ்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அந்த விவரங்களிலேயே தெரியும்.

ஆர்டர் புத்தகப் பக்கத்தைப் படமாகப் போடும்போது பாக்கித் தொகையையும் கடைப்பெயரையும் மறைத்துவிடுங்கள். அது மற்றவர்கள் கணக்கு.

---

அச்சுக்கோப்பு பதில்:

32 பக்கம் நல்ல கணக்கு. நடுவில் பின் அடிக்கும் நூலுக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஏ5 அளவு (148 × 210 மிமீ), நான்கு பக்கமும் 3 மிமீ வெட்டு ஓரம் (அச்சிட்டபின் வெட்டி எடுக்கும் கூடுதல் பகுதி), உள் ஓரம் 15 மிமீக்குக் குறையாமல். உள்ளே 130 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மேட், அதாவது பளபளக்காத தாள், அட்டை 250. எழுத்து 11 பாயின்ட், வரி இடைவெளி 16. நெருக்கினால் "கூ", "ஜீ" போன்றவற்றின் மேலும் கீழும் உள்ள கோடுகள் அடுத்த வரியோடு முட்டும்.

வேர்ட் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எல்லாம் சிதறும். எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் அனுப்புங்கள். இன்டிசைனில் (பக்கம் அமைக்கும் மென்பொருள்) செய்தால் அதில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் "கொ", "கோ" எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். மாதிரிப் பிரதியில் இவற்றை மட்டும் தேடி ஒருமுறை பாருங்கள்.

முழுப்பக்கப் படத்துக்கு 1819 × 2551 பிக்சலாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கியிருக்கும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படக்குறிப்பில் இடமிருந்து வலம் யார் யார், எந்த வருடம். உறுதியில்லை என்றால் "சுமார்" போடுங்கள்.

குரலைச் சேர்க்க கியூஆர் கோடு போடுவதாக இருந்தால் 2 செமீக்குக் குறையாமல், நிலையான கோடாக (இணைப்பு முகவரியே உள்ளே பதிந்தது) போடுங்கள். வேறொரு நிறுவனத்தின் வழியாக இணைப்புக்கு அனுப்பும் டைனமிக் கோடுகள், இலவசக் காலமோ சந்தாவோ முடிந்ததும் வேலை செய்யாமல் போகலாம். நிலையான கோடும் அது காட்டும் இணைப்பு இருக்கும்வரைதான். அதனால் பின்னட்டையின் உள்பக்கம் ஒரு சிறு உறை ஒட்டி, ஒலிக்கோப்புகள் உள்ள மெமரி கார்டை அதில் போட்டுக் கொடுங்கள்.